வேட்டிக்குள் ஓணான், டனாக்ராவில் டார்மோக்

"ஏட்டி, இவன் மூஞ்சி என்ன பன்னி மூஞ்சி மாரி இருக்கு?"

அம்மா இப்படிக் கேட்டபோது எபிசோட் தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, விசில் வரும்வரை உட்காரலாம் என்று வந்தவள். பாளையங்கோட்டை மே மாத வெயிலுக்கு வெளியே தலைகாட்ட முடியாது. ஃபேனுக்கு அடியில் பாயை விரித்து, லேப்டாப்பை டிவியில் மாட்டி, நானும் அக்கா மகளும் 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற விண்வெளித் தொடரில் 'டார்மோக்' என்ற எபிசோடைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். அவளுக்கு முதல் முறை. பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள், பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வராது.

பன்னி மூஞ்சிக்காரர் பால் வின்ஃபீல்ட். ஆஸ்கர் சிறந்த நடிகர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். அந்த ரப்பர் முகமூடிக்குள்ளிருந்து, அர்த்தம் தெரியாத வசனங்களை வைத்துக்கொண்டு, கண்ணாலும் குரலாலும் மட்டுமே ஒரு மனிதரை நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார். இதை அம்மாவிடம் சொன்னேன். "நல்ல நடிகன்னா மூஞ்சியக் காட்ட வேண்டியதுதான?" என்றாள். பதில் இல்லை.

இன்னும் பார்க்காதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, பார்த்துவிட்டு வாருங்கள். முக்கால் மணி நேரம்தான். இனி எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன்.

1991 செப்டம்பர் 30 அன்று முதலில் ஒளிபரப்பானது, ஐந்தாவது சீசனின் இரண்டாவது எபிசோட். திரைக்கதை ஜோ மெனோஸ்கி. டமேரியர்கள் என்று ஓர் இனம். 'டமாவின் பிள்ளைகள்' என்று அவர்களுக்கு இன்னொரு பெயர். (ஒரே ஒரு 'ழ்' குறைகிறது என்று அக்கா மகள் கண்டுபிடித்தாள். இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றவேயில்லை.) கெட்டவர்கள் இல்லை, சண்டைக்கு வருவதில்லை. ஆனால் நூறு வருடத்தில் ஏழு முறை சந்தித்தும் அவர்கள் பேசுவது ஒருவருக்கும் பிடிபடவில்லை. இப்போது ஆளில்லாத எல்-அட்ரெல் என்ற கோளுக்கு மேலே வந்து நின்றுகொண்டு, மூன்று வாரமாக ஒரு கணிதச் சமிக்ஞையை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வா, பேசலாம் என்கிற அழைப்பு. எண்டர்பிரைஸ் கப்பலின் கேப்டன் பிக்கார்ட் போகிறார். திரை விரிகிறது. எதிர்க் கப்பலின் கேப்டன் டேத்தன் வாயைத் திறக்கிறார்.

"லுங்காவில் ராயும் ஜிரியும்."

ஸ்டார் ட்ரெக்கில் மொழிபெயர்ப்புக் கருவி என்று ஒன்று உண்டு. அண்டத்தில் எவன் எந்த பாஷையில் பேசினாலும் அடுத்த நொடியே ஆங்கிலமாக்கிவிடும். அந்தக் கருவி இங்கேயும் வேலை செய்கிறது. வார்த்தைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. 'சுவர்கள் இடிந்து விழுந்தபோது', 'கைகளை அகல விரித்து', 'கப்பல் பாய்களை விரித்துக்கொண்டு'. ஒவ்வொரு சொல்லும் புரிகிறது. ஆனால் யார் அந்த ராய், எவர் அந்த ஜிரி, லுங்காவில் இருவருக்கும் என்ன வேலை?

இந்தக் காட்சியை நான் முதலில் பார்த்தது பொறியியல் கல்லூரி முதல் வருடத்தில். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியம். ஹாஸ்டலில் அறைத்தோழியின் லேப்டாப்பில் இந்தத் தொடர் முழுசாக இருந்தது, சப்டைட்டில் மட்டும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு பார்ப்போம். அவள் சிரித்தால் நானும் சிரிப்பேன். அவள் "ஐயோ" என்றால் நானும் "ஐயோ". பாதி வசனம் எனக்குக் காற்றில் போய்விடும், ஆனால் அதைச் சொன்னதில்லை. வகுப்பிலும் அதே பழக்கம்தான். எல்லாரும் தலையாட்டும்போது தலையாட்டி, எல்லாரும் எழுதும்போது எழுதி.

அதனால் டேத்தன் பேசத் தொடங்கியதும் எனக்கு வந்தது திகில். 'டார்மோக் அண்ட் ஜலாட் அட் டனாக்ரா' என்கிறார். 'அட்' தெரிகிறது, 'அண்ட்' தெரிகிறது. மற்றதெல்லாம் நான் படிக்காமல் விட்ட சொற்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தோழி முகத்தைப் பார்த்தேன், அவள் சிரிக்கவில்லை. திரையில் பிக்கார்டைப் பார்த்தேன். அந்த மனிதர், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி மேடையிலிருந்து வந்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டின் அந்த முகம், அச்சு அசலாக என் முகம் மாதிரியே இருந்தது. அவருக்கும் ஒன்றும் புரியவில்லை!

அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. ஆங்கிலத்தில் வெளுத்துக்கட்டும் கேப்டன் ஒருவர், ஆங்கிலச் சொற்களைக் கேட்டுவிட்டு, என்னைப் போலவே பேந்தப் பேந்த விழிக்கிறார்.

அதற்கு அடுத்து நடப்பதுதான் இன்னும் பிடித்தது. பிக்கார்ட் தூதர் தோரணையில் நீளமாக ஒன்று பேசுகிறார். பரஸ்பரம் தாக்கிக்கொள்ளாத உடன்படிக்கை, போகப்போக வர்த்தகம், பண்பாட்டுப் பரிமாற்றம், இப்படி. நம் காதுக்கு அது சுத்தமான, முறையான பேச்சு. எதிர்க் கப்பலில் டேத்தனுக்குப் பின்னால் இருப்பவர்கள் கெக்கெக்கே என்று சிரிக்கிறார்கள்! அவர்களுக்கு இவர் பேச்சு அவ்வளவு கோமாளித்தனமாக இருக்கிறது. ஒரு கதையும் இல்லை, ஒரு பெயரும் இல்லை, வெறும் சொற்கள். டேத்தன் திரும்பி ஒரு அதட்டல் போடுகிறார்: "டெமார்க் ஆறு!" சிரிப்பு நிற்கிறது. கொஞ்சம் இடைவெளி விட்டு, "குளிர்காலத்தில்."

உறைந்த ஆறு. வாயை மூடு என்று அர்த்தம். இது எனக்கு நாலாவது தடவை பார்க்கும்போதுதான் பிடிபட்டது. அக்கா மகளுக்கு நாலு விநாடியில் பிடிபட்டுவிட்டது. "ஃப்ரீஸ் ஆயிடுச்சு, ஸோ சத்தம் இல்ல. கரெக்டா சித்தி?" கரெக்ட்தான், போ.

டேத்தனும் அவருடைய துணைக் கேப்டனும் வாதாடுகிறார்கள். துணைக் கேப்டன் "மிராப், பாய்களை விரித்துக்கொண்டு" என்று கெஞ்சுகிறார். கிளம்பிவிடலாம் என்கிறார் போலிருக்கிறது. டேத்தன் கேட்கவில்லை. கையில் இரண்டு கத்திகளை எடுத்துக்கொள்கிறார். அடுத்த கணம் அவரும் பிக்கார்டும் கீழே அந்த வெற்றுக் கோளின் மண்ணில் நிற்கிறார்கள். ஒரு கத்தியைப் பிக்கார்டுக்கு வீசுகிறார் டேத்தன்.

"சண்டைக்கு கூப்பிடுதான்" என்றாள் அம்மா. பிக்கார்டும் அப்படித்தான் நினைக்கிறார்.

"கத்திய எடுக்கக் கூடாது. வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டானாம்" என்று அம்மா தொடர்ந்தாள்.

அக்கா மகள் எபிசோடை நிறுத்தினாள். "ஆச்சி, என்ன சொன்னீங்க? வேலின்னா ஃபென்ஸ். ஓணான்னா லிசர்ட். வேட்டி தெரியும். யாரு விட்டாங்க? ஏன் விட்டாங்க?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த நிமிடம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி உட்கார்ந்திருந்தது. எல்லாச் சொல்லுக்கும் பொருள் சொல்லத் தெரிந்த கருவி. அதற்கு எதிரே, கால் நீட்டி உட்கார்ந்து, நரைத்த கொண்டையை முடிந்துகொண்டிருந்தது ஒரு டமேரியக் கேப்டன்.

அம்மா பேச்சில் பாதி சொலவடைதான். "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி." "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." "ஆடிக் காத்துல அம்மியே பறக்குதாம், எச்சில் எல எம்மாத்திரம்?" இவற்றைச் சொல்லும்போது அவள் எதையும் விளக்குவதில்லை. முழுவதும் சொல்வதும் இல்லை. அக்கா கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விவாதம் நடந்தபோது, "ஆடத் தெரியாதவ" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். கூட்டம் கலைந்துவிட்டது. இதில் நான் கவனித்தது அந்த '-ஆம்'. விட்டானாம், சொன்னாளாம், பறக்குதாம். ஒவ்வொரு சொலவடைக்கும் பின்னால் எங்கோ, எப்போதோ, யாருக்கோ உண்மையாகவே நடந்த கதை ஒன்று இருப்பதுபோல ஒரு பாவனை. நாம் பார்க்கவில்லை, சொல்லிக் கேட்டிருக்கிறோம், அவ்வளவுதான். டமேரிய மொழியில் இதைச் சொன்னால் 'ஓணான், வேட்டிக்குள் புகுந்தபோது.' வேறு எந்தச் சேதாரமும் இல்லாமல் அப்படியே போய் உட்கார்ந்துகொள்கிறது.

ராத்திரியாகிறது. டேத்தன் நெருப்பு மூட்டிவிட்டார். பிக்கார்டுக்கு எவ்வளவு முயன்றும் பற்றவில்லை. குளிர். டேத்தன் பார்க்கிறார், தன் நெருப்பிலிருந்து ஒரு கட்டையை எடுத்து இந்தப் பக்கம் வீசுகிறார். "டெம்பா." பிக்கார்ட் விழிக்கிறார். "டெம்பா, கைகளை அகல விரித்து."

இந்த எபிசோடின் மிகச் சிறந்த நொடி எது என்று யாராவது கேட்டால் சண்டையையும் சொல்ல மாட்டேன், கடைசிக் காட்சியையும் சொல்ல மாட்டேன். இதுதான். டெம்பா யாரென்று பிக்கார்டுக்குத் தெரியாது. நமக்கும் கடைசிவரை தெரியாது. ஆனால் குளிர்கிறவன் முன்னால் எரிகிற கட்டை வந்து விழுந்துவிட்டது. எடுத்துக்கொள், உனக்குத்தான்.

"நமக்கும் ஒரு டெம்பா இருக்கார்" என்றேன்.

"யாரு?"

"பாரி, முல்லைக்குத் தேர் தந்தபோது."

அவளுக்குப் பாரியைத் தெரியவில்லை. பெங்களூர்ப் பள்ளியில் யார் சொல்லித் தருவார்கள்? எபிசோடை மறுபடி நிறுத்திவிட்டு, பறம்பு மலை அரசன், படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்கொடி, தேரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தது எல்லாம் சொன்னேன். "ஒரு கம்பு நட்டிருக்கலாமே?" என்றாள். ஒவ்வொரு தலைமுறையும் கேட்கிற கேள்வி. அதற்கு அம்மா உள்ளேயிருந்து, "அப்படி யோசிக்கவன் பேரை எவன் ஞாபகம் வச்சிருப்பான்?" என்றாள்.

உள்ளேயிருந்து என்றா சொன்னேன்? இல்லை, அவள் எங்கேயும் போகவில்லை. அதுதான் பிரச்சினையே. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. தீய்ந்த வாடை கூடத்துக்கு வந்த பிறகுதான் அம்மா "ஐயையோ, பருப்பு!" என்று ஓடினாள். திறந்து பார்த்தால் அடியில் கருந்தார், மேலே இரண்டு கரண்டி தேறும். அக்கா மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று, மெதுவாக, டேத்தன் குரலில் சொன்னாள்: "ஆச்சி, குக்கர் தீஞ்சப்போ."

"வாயப் பாரு" என்றாள் அம்மா.

அன்றைக்கு மதியம் சாப்பாடு மோர்க்குழம்பு. பாக்கி எபிசோடைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பார்த்தோம்.

காலையில் பிக்கார்ட் எழுந்து பார்த்தால் டேத்தனைக் காணோம். திரும்ப ஓடி வருகிறார், பின்னால் ஏதோ ஒரு மிருகம் துரத்துகிறது. பாதி கண்ணுக்குத் தெரியும், பாதி தெரியாது. 1991-ன் தொலைக்காட்சி பட்ஜெட்டில் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாதுதான், இருந்தாலும் அந்த மிருகம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் ஏமாற்றம். போகட்டும். விஷயம் என்னவென்றால், சண்டைக்காகக் கொடுத்த கத்தி இல்லை அது. சேர்ந்து சண்டையிடக் கொடுத்த கத்தி. டேத்தன் "உஸானி, அவன் படை, விரிந்த கையோடு" என்கிறார். பிறகு "மூடிய முஷ்டியோடு". பிக்கார்ட் முகத்தில் மெல்ல வெளிச்சம் வருகிறது. பிரிந்து நில், உள்ளே வர விடு, பிறகு இரண்டு பக்கமும் மூடு. ஒரு போர்த்தந்திரம். இவர்கள் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள், நடந்த கதையை எடுத்துக்காட்டிப் பேசுகிறார்கள்!

"சொகாத்! கண்திரை விலகி!" என்று டேத்தன் கத்துகிறார். அந்தச் சந்தோஷத்தைப் பாருங்கள். எதிரே மிருகம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, இந்த மனிதருக்கு அது இரண்டாம்பட்சம். தான் சொன்னது இன்னொருவனுக்குப் புரிந்துவிட்டதே என்ற குதூகலம்.

எனக்கு இங்கே என் முதல் வேலை ஞாபகம் வரும். சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடம். அப்போது ஆங்கிலம் ஓரளவு வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். முதல் மீட்டிங்கில் ஒருவர் 'லெட்ஸ் நாட் பாயில் தி ஓஷன்' என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கடலை எதற்குக் கொதிக்க வைக்க வேண்டும், யார் வைக்கச் சொன்னார்கள் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். அப்புறம் 'எலிஃபன்ட் இன் தி ரூம்', 'லோ ஹேங்கிங் ஃப்ரூட்'. நூறு வார்த்தையும் தெரிந்து ஒரு வாக்கியமும் தெரியாத ஆள் நான். இரண்டு மாதம் கழித்து நானே ஒரு மீட்டிங்கில் 'லோ ஹேங்கிங் ஃப்ரூட்' என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. சொகாத் என்று கத்த எனக்கு அங்கே ஒரு டேத்தன் இல்லை.

கதைக்கு வருவோம். பிக்கார்டுக்குப் புரிந்த அதே நொடியில், மேலே கப்பலில் இருப்பவர்கள் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு டிரான்ஸ்போர்ட்டரில், ஆளைக் கரைத்து இடம் மாற்றும் கருவியில், இழுக்கிறார்கள். உடம்பு பாதி கரைந்து அந்தரத்தில் நிற்க, கீழே டேத்தன் தனியாக அடிபடுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் தவிக்கிறார் பிக்கார்ட். இழுப்பு தோற்று அவர் திரும்ப மண்ணுக்கு வரும்போது காரியம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில், மேலே பொறுப்பில் இருக்கும் பிக்கார்டின் துணை அதிகாரி ரைக்கரை நாலு வார்த்தை திட்டுவேன். இந்த முறை என் வேலையை அக்கா மகள் செய்தாள், கன்னடத்தில்.

மேலே கப்பலில் நடப்பவற்றில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. கப்பலின் அதிகாரிகள் ட்ராயும் டேட்டாவும் 'டார்மோக்', 'டனாக்ரா' என்ற சொற்களைக் கணினியில் தேடும் காட்சி மட்டும் விதிவிலக்கு. ஏதோ ஒரு கோளில் டனாக்ரா என்றால் ஒரு சடங்கு பானம், இன்னொன்றில் அரச குடும்பம். கடைசியில் ஷாண்டில் என்ற ஒரே கோளில் இரண்டும் கிடைக்கின்றன: டார்மோக் ஒரு வேட்டைக்காரன், டனாக்ரா ஒரு தீவு. கண்டுபிடித்தாயிற்று! ஆனால் கையில் என்ன இருக்கிறது? பால்கனியில் ஜூலியட் என்று சொன்னால் நமக்குக் காதல் என்று தெரியும், ஆனால் ஜூலியட் யாரென்று தெரியாதவனுக்கு அது ஒரு பெண், ஒரு பால்கனி, அவ்வளவுதான் என்கிறார்கள். அகராதி முழுக்க இருந்தும் தவிப்பு தீரவில்லை.

மோர்க்குழம்பு ஏப்பத்தோடு அக்கா மகள் கேட்டாள்: "சித்தி, இப்படியே பேசினா ஸ்பேஸ்ஷிப் எப்படிக் கட்டுவாங்க? அஞ்சு எம்எம் ஸ்க்ரூ குடுன்னு எப்படிச் சொல்வாங்க? அந்தக் கதையெல்லாம் குழந்தைங்களுக்கு எப்படிச் சொல்லித் தருவாங்க? கதை சொல்லவே வேற வார்த்தை வேணுமே."

ரசிகர்கள் முப்பது வருடத்துக்கு மேலாக முட்டிக்கொள்ளும் இரண்டு கேள்விகளும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. முதல் கேள்விக்கு என் பதில்: கூப்பிட அவர்கள் அனுப்பியது கணிதச் சமிக்ஞை. ஆக எண் இருக்கிறது. எண் இருந்தால் ஸ்க்ரூவுக்கு வழி பிறக்கும். இது கொஞ்சம் சப்பைக்கட்டு என்பது எனக்கே தெரியும்.

இரண்டாவது கேள்விக்கு அவளையே சாட்சிக்கு இழுத்தேன். "உன் போன்ல வடிவேலு ஸ்டிக்கர் எத்தனை வச்சிருக்க?" எண்பதுக்குப் பக்கம். "அதுல எத்தனை படம் பாத்திருக்க?" ஒன்றுகூட இல்லை. ஆனால் எந்த முகத்தை எந்த நேரத்தில் அனுப்ப வேண்டும் என்பதில் ஒரு பிசகும் இல்லை. அம்மா திட்டினால் ஒன்று, தோழி பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் ஒன்று, கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் இன்னொன்று. கதை தெரியாமலே பொருள் தெரிகிறது, பத்து பேர் பத்து தடவை பயன்படுத்துவதைப் பார்த்தே வந்துவிடுகிறது. நானும் அப்படித்தான். விசுவாமித்திரர் கதையை அறிவதற்குப் பல வருடம் முன்பே 'திரிசங்கு' என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். பகீரதன் என்ன செய்தான் என்று தெரியாமலே பள்ளிக் கட்டுரையில் 'பகீரதப் பிரயத்தனம்' எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். டமேரியக் குழந்தைக்கும் முதலில் நெருப்புக்கட்டை கிடைக்கும், கூடவே 'டெம்பா' என்ற சத்தமும். டெம்பா யார் என்பது பிறகு பாட்டி சொல்லும்போது.

நேசமணி கதையையும் சொன்னேன். அது நடந்தபோது அவள் சின்னப் பிள்ளை. 2019 மே கடைசி. பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்ட ஒரு சிவில் இன்ஜினியரிங் ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நம் ஆள் ஒருவர், பெயர் சுத்தியல், இதுதான் காண்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்தது, பாவம் என்று எழுதினார். இன்னொருவர் இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். அவ்வளவுதான். நாடே புதிய அரசின் பதவியேற்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொன்ன ஹேஷ்டேக் ட்விட்டரில் உலக அளவில் மேலே ஏறியது. 2001-ல் வந்த ஒரு படத்தில், வடிவேலு நடித்த கதாபாத்திரத்தின் தலையில் விழுந்த சுத்தியல். வெளியூர்க்காரர்கள் யார் இந்த நேசமணி, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்ப்புக் கருவி அன்றைக்கும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. 'ஹேமர் ஃபெல் ஆன் நேசமணிஸ் ஹெட்.' அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? அந்த இரண்டு நாளும் நாம் டமேரியக் கப்பலில் உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் ராத்திரி. டேத்தன் சாகக் கிடக்கிறார். பிக்கார்ட் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டு துண்டாகக் கேட்டுக் கேட்டு டார்மோக் கதையைக் கோக்கிறார். டார்மோக் கடலில் தனியாக. ஜலாட் கடலில் தனியாக. டனாக்ரா தீவு. அங்கே ஒரு மிருகம். இருவரும் சேர்ந்து எதிர்க்கிறார்கள். பிறகு, கடலில் டார்மோக்கும் ஜலாடும், சேர்ந்து. டேத்தன் செய்ததும் இதைத்தான். பேசிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்தபிறகு, தானே டார்மோக்காகி, முன்பின் தெரியாத ஒருவனை ஜலாடாக்கி, அந்தக் கதைக்குள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். இருவருக்கும் பொதுவான கதை இல்லையா, சரி, ஒன்றை நடத்திக் காட்டிவிடுவோம் என்று. ஹாஸ்டலில் இதைப் பார்த்தபோது எனக்குத் துணைக் கேப்டன் மேல் கோபமாக இருந்தது, கிளம்பலாம் கிளம்பலாம் என்றாரே என்று. இப்போது அவர் சொன்னது நியாயம்தான் என்று தோன்றுகிறது. பாய்களை விரித்துக்கொண்டு கிளம்பியிருந்தால் எட்டாவது சந்திப்பும் முந்தைய ஏழைப் போலவே கௌரவமாக முடிந்திருக்கும். யாரும் செத்திருக்க வேண்டியதில்லை.

வலியில் கிடக்கும் டேத்தனுக்காகப் பிக்கார்ட் ஒரு கதை சொல்கிறார். கில்காமேஷ். ஊருக் நகரத்து அரசன், காட்டிலிருந்து வந்த எங்கிடு, இருவரும் மோதி, நண்பர்களாகி, வானத்துக் காளையைச் சேர்ந்து கொன்று, பிறகு எங்கிடு சாக, கில்காமேஷ் அழுகிறான். டேத்தனுக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது, ஆனால் கேட்டுக்கொண்டே வருகிறார், சரியான இடங்களில் புன்னகைக்கிறார். நமக்கே அந்தப் பெயர்கள் ஒரு காலத்தில் தெரியாதவைதான். நினிவேயின் மண்ணுக்குள் களிமண் பலகைகளில் புதைந்து, படிக்க ஆளில்லாமல் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் கிடந்தவை. ஜார்ஜ் ஸ்மித் என்பவர் 1872-ல் அதில் ஒரு பகுதியைப் படித்துச் சொல்லும்வரை கில்காமேஷ் என்பதும் டார்மோக் என்பதும் ஒன்றுதான்.

எங்கிடுவின் சாவுக்கு வரும்போது எனக்குள் ஓடியது வேறு. "கபிலர், பாரி இல்லாத பறம்பில்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அக்கா மகள் திரும்பிப் பார்த்தாள். பாரியை அவளுக்கு இப்போது தெரியும், ஒன்றரை மணி நேரமாக. "பாரி செத்துட்டாரா?" என்றாள். ஆமாம், மூவேந்தர்களும் முற்றுகையிட்டு, என்றேன். "தேர் குடுத்தவரையா?"

அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தோம். கண்ணை மூடிக்கொண்டே "அற்றைத் திங்கள்" என்றாள், அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு. அதற்கு மேல் சொல்லவில்லை. அந்த இரண்டு சொல்லில் அப்பனும் போய், மலையும் போய், நிலா மட்டும் மிச்சமிருக்கிறது.

பிக்கார்ட் கதையை முடிக்கும்போது டேத்தன் உயிர் போய்விட்டது.

பிறகு நடப்பதை விரைவாகச் சொல்லிவிடலாம். பிக்கார்டை மேலே எடுத்துவிடுகிறார்கள், இரண்டு கப்பலும் சுட்டுக்கொள்கின்றன, எண்டர்பிரைஸ் அழியும் நிலை. பிக்கார்ட் ஓடிவந்து திரை முன்னால் நின்று பேசுகிறார், அவர்கள் மொழியில். தட்டுத்தடுமாறி, இலக்கணம் இல்லாமல், புதிதாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளை மாதிரி. முன்பு அந்தத் தூதர் உரையைக் கேட்டுச் சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. துணைக் கேப்டன் முகம் மாறுகிறது. "சொகாத்! கண்திரை விலகி!" பிறகு தன் ஆட்களிடம் ஒரு புதுத் தொடரைச் சொல்கிறார்: "எல்-அட்ரெலில் பிக்கார்டும் டேத்தனும்." அகராதியில் ஒரு சொல் கூடிவிட்டது. பிக்கார்ட் டேத்தனின் கத்தியை நீட்டி "டெம்பா, கைகளை அகல விரித்து" என்கிறார். துணைக் கேப்டன் வாங்கிக்கொள்ளவில்லை. "டெம்பா, ஓய்வில்." நீயே வைத்துக்கொள்.

கடைசியில் பிக்கார்ட் தன் அறையில் கிரேக்கத்தில் ஹோமர் பெயரில் வழங்கும் துதிப்பாடல்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். நம் பண்பாட்டின் வேர்க்கதைகள் என்று ரைக்கரிடம் சொல்கிறார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், டமேரியர்களைப் போல ஒரு சைகை செய்கிறார். ரைக்கர் அறையை விட்டுப் போய்விட்டார். பார்க்க யாரும் இல்லை.

அக்கா மகள் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்து வைத்துக்கொண்டு எதையோ தேடினாள். நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் பெங்களூருக்குப் போய்விட்டாள்.

ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம் நானும் அம்மாவும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது வாட்ஸப்பில் செய்தி வந்தது. ஸ்டிக்கர் இல்லை, குரல்பதிவும் இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழ், ஒரே வரி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"ஆச்சி, குக்கர் தீஞ்சப்போ."

அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"கணக்கா, சயின்ஸா?" என்றாள்.